பழைய பேப்பர் கடையில் ஒரு வேதப் பத்திரிகை

சிவகாசிக்குள் இரண்டு விதமான காகிதம் வந்து இறங்குகிறது. ஒன்று, ரீம் ரீமாக அச்சகங்களுக்குப் போகும் வெள்ளைத் தாள். காலண்டராகவும் டைரியாகவும் நோட்டுப் புத்தகமாகவும் மாறி நாடெங்கும் போய்ச் சேர்வது அதுதான். மற்றொன்று, சணலால் கட்டி மூட்டை மூட்டையாக வரும் பழைய செய்தித்தாள், விடைத்தாள், கிழிந்த பாடப்புத்தகம். அதைச் சுருட்டிக் குழாயாக்கி, மருந்து அடைத்து, திரி வைத்துக் கட்டினால் வெடி. தீபாவளிக்கு மறுநாள் தெருவில் சிதறிக் கிடக்கும் துண்டுகளைக் குனிந்து எடுத்துப் படித்தவர்களுக்குத் தெரியும்: பாதித் தலைப்பு, அறுந்துபோன கணக்கு, யாரோ ஒருவரின் கண்ணீர் அஞ்சலிப் படத்தின் ஓரம்.

இந்த இரண்டாவது காகிதத்தோடு கலந்து போய்க்கொண்டிருக்கும் ஒரு வகைப் பத்திரிகையைத் தேடித்தான் விருதுநகர்ப் பக்கம் புறப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் மேசை போட்டு விற்பார்களே, அந்தக் கத்தோலிக்க இதழ்கள். சாத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில், ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவர் வீட்டில் பழைய கட்டுகள் இருப்பதாக மதுரையில் ஒரு நண்பர் சொல்லியிருந்தார். நேரே அங்கே போயிருக்கலாம். ஆனால் காகிதத்தின் பிறப்பும் முடிவும் ஒரே ஊரில் நடக்கும்போது, அந்த ஊரைப் பார்க்காமல் போக மனம் வரவில்லை.

விருதுநகரில் இறங்கிக் கடைத்தெருவில் நடந்தால் வத்தல் நெடி மூக்கில் ஏறுகிறது. 1923 வரை இது விருதுபட்டி. காமராஜர் 1903இல் பிறந்த ஊர். சுயமரியாதை இயக்கத்தின் மூன்றாவது மாகாண மாநாடு 1931இல் இங்கேதான் கூடியது. வியாபாரிகள் தங்கள் வரவில் மகமை என்று ஒரு பங்கை ஒதுக்கிப் பள்ளிக்கூடம் கட்டிய ஊர். இவ்வளவு பரபரப்பான ஊரில் கத்தோலிக்கர்கள் எண்ணிக்கையில் சிறியவர்கள்தான். 1938இல் திருச்சியிலிருந்து பிரித்து உருவாக்கிய மதுரை மறைமாவட்டத்தோடு இந்தப் பகுதி சேர்ந்தது. 1953இல் அது உயர்மறைமாவட்டமானது. இங்கத்திய வேதக்காரர்களுக்கு எழுத்து எப்போதும் வெளியூரிலிருந்து தபாலில்தான் வந்திருக்கிறது.

பத்திரிகை நடத்தும் பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பக்கத்தில் அருப்புக்கோட்டையிலிருந்து 1919 முதல் 'நாடார் குல மித்திரன்' வெளிவந்தது. ஒரு சமூகம் தன்னைப் பற்றித் தானே பேசிக்கொள்ள நடத்திய இதழ். கல்யாணச் செலவு, பள்ளிக்கூடம், கோயில் வழக்கு, மகமைக் கணக்கு என்று வெளியார் கண்ணுக்குச் சில்லறையாகப் படும் விஷயங்கள் அதில் நிறைந்திருந்தன. பின்னாளில் ராபர்ட் ஹார்ட்கிரேவ் என்ற அமெரிக்க ஆய்வாளர் நாடார்களின் சமூக வரலாற்றை எழுதியபோது (அவர் நூல் 1969இல் வந்தது) இப்படிப்பட்ட சமூக இதழ்கள் அவருக்குச் சான்றாக நின்றன. யாரோ ஒருவர் பழைய இதழ்களை எடைக்குப் போடாமல் வைத்திருந்ததால் நமக்குக் கிடைத்த வரலாறு அது. இந்த நினைப்போடுதான் சிவகாசிக்குப் போகத் தென்காசி ரயிலில் ஏறினேன்.

விருதுநகரை விட்டதும் கரிசல் விரிகிறது. மழை பார்த்துப் பிழைக்கும் காடு. திருத்தங்கல் தாண்டினால் தகரக் கூரைகளும், ஒன்றை விட்டு ஒன்று தள்ளித் தள்ளிக் கட்டிய சிறிய அறைகளும் தெரிய ஆரம்பிக்கின்றன. பட்டாசு ஆபீஸ்கள். இந்தப் பக்கத்தில் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ்தான். ஓர் அறையில் விபத்து நேர்ந்தால் அடுத்ததற்குத் தாவக் கூடாது என்பதற்காக இடைவெளி விட்டுக் கட்டச் சொல்கிறது சட்டம்.

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த கதையை சிவகாசியில் சின்னப் பிள்ளைகளும் சொல்வார்கள். தீப்பெட்டி வந்ததும் பெட்டி மேல் ஒட்ட லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்காக லித்தோ கல் அச்சு வந்தது. லித்தோவுக்குப் பின்னால் ஆஃப்செட். மழையில்லாத ஊர் என்பதே இரண்டு தொழிலுக்கும் வசதியாகப் போயிற்று. மருந்தும் காயும், மையும் காயும்.

ஓர் அச்சகத்துக்குள் அழைத்துப் போனார்கள். ஆடிப்பெருக்கு அன்று புது ஆல்பம் வெளியிட்டு ஆர்டர் பிடிக்கத் தொடங்கினால், மார்கழி வரை இங்கே ராப்பகல் கிடையாது. நான் போன நேரத்தில் மேசையில் கிடந்தது ஒரு கத்தோலிக்கக் காலண்டரின் புரூஃப். தவக்காலத்துக்கு ஊதா, பாஸ்கா காலத்துக்கு வெள்ளை, பெரிய வெள்ளிக்குச் சிவப்பு என்று தேதிக்குத் தேதி நிறம் மாறும். அன்றன்றைய வாசகங்களின் அதிகாரமும் வசனமும் பொடி எழுத்தில். போர்மேன் நெற்றியில் திருநீறு பூசியவர். கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு சொன்னார்:

"சாம்பல் புதன் வருசா வருசம் தள்ளித் தள்ளித்தான் வரும், சார். முதல்ல ஈஸ்டரைப் பிடிச்சிரணும். அதுலருந்து நாப்பத்தாறு நாளு பின்னால போனா சாம்பல் புதன். சாமியாரு அனுப்புன தாள்லயே போன வருசம் ஒரு தேதி தப்பா இருந்துச்சு. நான்தான் போன் பண்ணிக் கேட்டேன்."

அவரிடம் கேட்டேன், இவ்வளவு மத இதழ்களும் காலண்டர்களும் அடிக்கிற ஊரில் பழைய பிரதி யாராவது வைத்திருக்கிறார்களா என்று. ஒவ்வொரு வேலையிலும் ஒரு பிரதி கொஞ்ச காலம் இருக்கும், இடம் போதாதபோது கழித்துவிடுவார்கள் என்றார். "இங்க இடந்தான் சார் காசு."

சிவகாசியை ஒட்டி மேற்கே சாட்சியாபுரம். புராட்டஸ்டண்டு திருச்சபை வளர்த்த ஊர். தாமஸ் ராக்லண்ட் என்ற ஆங்கிலேய மிஷனரி வடநெல்லைப் பகுதியில் கூடாரம் போட்டுக் கிராமம் கிராமமாக நடந்து, 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் இறந்தார். பள்ளிக்கூடங்களின் இரைச்சலுக்கு நடுவே அங்கே நின்றபோது ஒரு கேள்வி வலுவாக எழுந்தது. ராக்லண்ட் இந்தக் கரிசலில் நடந்துகொண்டிருந்த காலத்தில் அவருடைய திருச்சபைக்குப் பாளையங்கோட்டையிலிருந்து 'நற்போதகம்' என்ற மாத இதழ் 1849 முதல் வந்துகொண்டிருந்தது. அதற்கும் முன்னால், 1841இல், யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனின் 'உதயதாரகை'. கத்தோலிக்கர்கள் அப்போது எங்கே இருந்தார்கள்?

தமிழை முதலில் அச்சேற்றியவர்கள் அவர்கள்தான். முத்துக்குளித்துறையில் ஆண்டுக்கணக்காக உழைத்த சேசு சபைத் துறவி அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சானது. பதினாறே பக்கம். தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல். அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்', 1586இல் 'அடியார் வரலாறு'. இந்தியாவின் எந்த மொழியும் அதன் சொந்த எழுத்தில் இவ்வளவு முன்னால் அச்சைக் கண்டதில்லை.

அந்த வேகம் நின்றுபோனது. எந்த அளவுக்கு என்றால், சாத்தூருக்குத் தெற்கே கோவில்பட்டிக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டியில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பணி செய்த வீரமாமுனிவருக்குக் கையெட்டும் தூரத்தில் ஓர் அச்சகம் இல்லை. அவர் 1732இல் தொகுத்த சதுரகராதி ஓலையிலும் கையெழுத்திலும் சுற்றி, அச்சேறியது அடுத்த நூற்றாண்டில்தான். கத்தோலிக்கத் தமிழின் மிகப் பெரிய எழுத்தாளர் தன் அகராதியை அச்சில் பார்க்காமலே போனார். தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷனரிகள் 1713 முதல் அச்சடித்துக்கொண்டிருந்ததை நினைத்தால் இது இன்னும் உறைக்கும்.

பிறகு இடி மேல் இடி. 1773இல் ரோம் சேசு சபையையே கலைத்தது. 1814இல் மீண்டும் அனுமதி கிடைத்தும், அவர்கள் மதுரை மிஷனுக்குத் திரும்பி வந்து சேர 1830களின் பிற்பகுதி ஆகிவிட்டது. வந்தவர்களை வரவேற்றது கோயில் சாவிச் சண்டை. போர்ச்சுக்கல் அரசின் ஞானாதரவு உரிமையின் கீழ் கோவாவிலிருந்து வந்த குருக்கள் ஒரு பக்கம், ரோமாபுரி நேரடியாக அனுப்பியவர்கள் மறுபக்கம். ஒரே ஊரில் இரண்டு சாமியார், இரண்டு கட்சி, நீதிமன்றம் வரை போன வழக்குகள். 1886இல் உடன்படிக்கை ஏற்படும் வரை இந்தப் பிளவு ஓயவில்லை. இந்தியர்கள் தடையின்றி அச்சகம் வைக்க 1835இல் தற்காலிக கவர்னர் ஜெனரல் மெட்காஃப் வழிவிட்டபோது, அதைப் பிடித்துக்கொள்ளும் நிலையில் மதுரை மிஷன் இல்லை. புதுச்சேரி மிஷன் அச்சகம் மட்டும் விதிவிலக்கு. துப்புயி அடிகளாரின் உழைப்பில் 1840களிலேயே அங்கே அகராதிகள் வெளிவந்தன. என்றாலும் அகராதி வேறு, செய்தித்தாள் வேறு. அகராதி அறிஞர்களுக்கு, செய்தித்தாள் தன்னைப் போல இன்னும் பலர் உண்டு என்று ஒரு கிராமத்துக்காரனுக்குச் சொல்வதற்கு.

அதைச் செய்து காட்டியது யாழ்ப்பாணம். பிரெஞ்சுக்காரரான கிறிஸ்தோபர் பொஞ்சீன் ஆண்டகை ஆயராக இருந்த காலத்தில், 1876இல், ஆங்கிலத்தில் 'கத்தோலிக் கார்டியன்' என்றும் தமிழில் 'சத்தியவேத பாதுகாவலன்' என்றும் இதழ்கள் பிறந்தன. சும்மா பிறக்கவில்லை. ஒரு பக்கம் முப்பத்தைந்து ஆண்டாக நடந்துவந்த உதயதாரகை, இன்னொரு பக்கம் வண்ணார்பண்ணையில் அச்சகம் வைத்துச் சைவத்துக்காக வரிந்து கட்டிய ஆறுமுக நாவலர். மூன்று சமயமும் அச்சில் மோதிக்கொண்ட தீபகற்பத்தில் பதில் சொல்லாத சமயம் தோற்ற சமயமாகக் கருதப்பட்டது. அந்தக் கண்டனப் போரில் வெளிப்பட்ட கசப்பை நான் கொண்டாட மாட்டேன். ஆனால் அந்தப் போரில்தான் ஈழத்துத் தமிழ் உரைநடை புடம்போடப்பட்டது. பிறகு நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் போன்றவர்கள் எழுத வந்தபோது வாதத்தோடு வரலாறும் மொழியாய்வும் சேர்ந்துகொண்டன. அந்த இதழ் 'பாதுகாவலன்' என்ற பெயரில் போரையும் இடப்பெயர்வையும் தாண்டி வந்தது. அதன் இதழ்கள் பலவற்றை 'நூலகம்' என்ற ஈழத்து இணைய நூலகம் எண்ணிமப்படுத்தி வைத்திருக்கிறது. சிவகாசித் தேநீர்க் கடையில் உட்கார்ந்து கைப்பேசியில் ஓர் இதழைத் திறந்தேன். திருவிழா அறிவிப்பு, குருப்பட்டம், இறந்தவர் பெயர்கள். பக்கம் மங்கலாக இருந்தாலும் படிக்க முடிந்தது.

தமிழ்நாட்டுப் பக்கம் புதுச்சேரியில் 1911இல் 'சர்வ வியாபி' தொடங்கியது. எட்டயபுரத்துப் பாரதி அப்போது அதே ஊரில் இருந்தார். அவருடைய 'இந்தியா' பத்திரிகை அதற்கு முந்தின ஆண்டுதான் நின்றுபோயிருந்தது. திருச்சியில் சூசையப்பர் தொழிற்பள்ளி அச்சகமும் மதுரையில் நொபிலி அச்சகமும் செபப் புத்தகங்களையும் இதழ்களையும் தள்ளிக்கொண்டே இருந்தன. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் முடிந்தபின் லத்தீன் பூசை தமிழாயிற்று. சர்வேசுரன் இறைவனாகவும் பூசை திருப்பலியாகவும் மாறிய அந்தக் குழப்பமான ஆண்டுகளில், கிராமங்களுக்குப் புதுத் தமிழைப் பழக்கிவிட்டவை இந்த இதழ்களே. 1970களில் தொடங்கித் தமிழக ஆயர் பேரவையின் வார இதழாக வந்துகொண்டிருக்கும் 'நம் வாழ்வு' அந்த மாற்றத்தின் பிள்ளை.

சிவகாசியை விட்டுக் கிளம்பும் முன் ஒரு பழைய பேப்பர் கடைக்குப் போனேன். கூரை வரை மூட்டைகள். கடைக்காரர் அலுப்பில்லாமல் கிளற விட்டார். ஆங்கிலப் பேப்பர், தமிழ்ப் பேப்பர், கட்சிப் பத்திரிகை, பங்குச் சந்தை அறிக்கை. நடுவே ஒரு திருத்தலத்தின் மாத இதழ். அட்டையில் மாதா படம். உள்ளே ஒரு பக்கம் முழுக்க நன்றிக் கடிதங்கள். குழந்தை பிறந்ததற்கு ஒருவர், அடகு நகை மீண்டதற்கு ஒருவர், மகன் வெளிநாட்டு வேலையில் சேர்ந்ததற்கு ஒருவர். பெயர், ஊர், பங்கு எல்லாம் சுத்தமாக அச்சாகியிருந்தன. பெரிய நாளிதழ் எதிலும் இவர்கள் பெயர் ஒருநாளும் வந்திருக்காது.

"படம் போட்ட சாமி பேப்பர்னா நாங்க குழாய் சுத்த அனுப்ப மாட்டோம்ணே, தனியா எடுத்து வச்சிருவோம்," என்றார் கடைக்காரர். "எல்லாத்தையும் பார்த்துக்கிட்டு இருக்க முடியுமா, சொல்லுங்க."

சாத்தூருக்குப் பஸ்ஸில் போகும்போது பக்கத்து இருக்கைக்காரர் தூரத்தில் கையைக் காட்டி முதலிபட்டி என்றார். 2012 செப்டம்பர் 5. பட்டாசு ஆலை விபத்தில் ஏறக்குறைய நாற்பது பேர் இறந்தார்கள். சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரியில் இன்னொரு பெரிய விபத்து. எண்கள் தலைப்பில் வருகின்றன. இரண்டு மூன்று நாளில் தலைப்பும் மாறிவிடுகிறது. இறந்தவர் எந்தச் சமயத்தவர் என்றாலும் அவருக்கு ஓர் ஊர் இருந்தது, ஒரு தெரு இருந்தது, அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட நாலு பேர் இருந்தார்கள். ஊர்ப் பத்திரிகை, பங்கு மடல், சமூக இதழ் என்று எளியவர்களின் பெயரைப் பெயராக எழுதும் தாள்கள் இந்த வெடிமருந்துப் பூமிக்கு வேறெந்த ஊரையும் விட அதிகமாகத் தேவை. தன் மக்களின் பட்டியலை நினைவு நாள் பூசைக்காக ஆண்டுதோறும் திரும்ப அச்சிடும் ஒரு சிறு மடல் செய்வது பெரிய வேலை என்றே நான் நம்புகிறேன்.

சாத்தூர் ஒரு காலத்தில் பேனா நிப்புக்குப் பேர்போன ஊர். இப்போது காராசேவு மணக்கிறது. அங்கிருந்து சிற்றுந்தில் ஏறிக் கிராமத்துக்குப் போனேன்.

உபதேசியார் திண்ணையில் காத்திருந்தார். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளை ஜிப்பா, கழுத்தில் செபமாலை. டிரங்குப் பெட்டியை ஏற்கெனவே வெளியே எடுத்து வைத்திருந்தார். திறந்ததும் காய்ந்த வேப்பிலை வாசம். பூச்சி அரிக்காமல் இருக்க வருடந்தோறும் புது இலை போடுவாராம்.

"அந்தக் காலத்துல சாமியாரு மாசத்துக்கு ஒருதரந்தான் வருவாரு, தம்பி. மத்த ஞாயித்துக்கிழமைக்கு நாந்தான் செபம் சொல்லணும். செபம் முடிஞ்சதும் எல்லாரும் உக்காந்திருவாங்க. இந்தப் பேப்பரை நான் சத்தமா வாசிப்பேன். ரோமாபுரிச் சேதி, மதுரைச் சேதி, யாரு எந்தப் பங்குக்கு மாத்தல், எல்லாம். தீப்பெட்டி ஆபீசுக்குப் போற பொம்பளைங்க நிறையப் பேருக்கு எழுத்துத் தெரியாது. ஆனா போன வாரம் எங்க நிறுத்துனேன்னு கரெக்டா சொல்லிருவாங்க."

கட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். ஓரங்களில் அவர் பென்சிலால் குறித்த கோடுகள், எங்கே நிறுத்தி மூச்சு வாங்க வேண்டும் என்பதற்காக. ஒரு பக்கத்தில் இந்த ஊர்ப் பெண் ஒருவர் கன்னியராக வார்த்தைப்பாடு கொடுத்த செய்தி, நாலே வரி. அதைச் சுற்றிக் கட்டம் போட்டிருந்தார். பஞ்ச காலத்துக்கு நிதி தந்தவர்கள் பட்டியலில் இந்த ஊர் ஐந்து ரூபாய் எட்டணா. அந்த எட்டணா எப்படிச் சேர்ந்தது என்பதை ஆள் பெயரோடு சொன்னார். எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லாத அடிக்குறிப்பு அது.

தமிழ்க் கத்தோலிக்கரின் அரிய நூல்கள் எங்கெங்கோ பத்திரமாக இருக்கின்றன. 'தம்பிரான் வணக்கம்' ஹார்வர்டில். புரொயென்சா அடிகளாரின் 1679ஆம் ஆண்டுத் தமிழ்-போர்ச்சுகீசிய அகராதி வத்திக்கான் நூலகத்தில். அதைத் தேடி எடுத்து 1966இல் மீண்டும் பதிப்பிக்க ஒரு தனிநாயகம் அடிகள் வேண்டியிருந்தது. ஈழத்தில் பிறந்து, தூத்துக்குடி மறைமாவட்டத்தில் சேர்ந்து, உலகமெல்லாம் தமிழைத் தேடி அலைந்தவர் அவர். செய்தித்தாளைத் தேடி அலைய அப்படி ஒருவர் இன்னும் வரவில்லை. நூலுக்கு மதிப்பு இருப்பதால் காப்பாற்றுகிறார்கள். செய்தித்தாளுக்குக் கிலோவுக்கு விலை இருப்பதால் விற்றுவிடுகிறார்கள். மறைமாவட்டங்களும் அச்சகங்களும் பழைய இதழ்களைப் படமெடுத்து வைக்க இன்றைக்குப் பெரிய செலவு ஆகாது. பெட்டிகளைத் திறந்து காட்ட இந்த உபதேசியாரைப் போன்றவர்கள் உயிரோடு இருக்கும்போதே அது நடக்க வேண்டும்.

உபதேசியாரின் கட்டுகளில் நடுவே சில ஆண்டுகள் இல்லை. பேரன் கல்யாணத்துக்கு வீடு வெள்ளையடித்தபோது ஒரு பெட்டியை எடைக்குப் போட்டுவிட்டார்களாம். அப்போது அவர் மதுரை ஆஸ்பத்திரியில் இருந்தார்.

மீதிக் கட்டுகளைப் படமெடுத்துத் திருப்பித் தருவதாகச் சொன்னேன். சம்மதித்தார், ஆனால் ரசீது வேண்டும் என்றார். அவர் தேதியைச் சொல்லச் சொல்ல ஒவ்வோர் இதழாக எழுதினேன். விட்டுப்போன மாதங்களையும் எழுதி, எதிரே 'இல்லை' என்று போடச் சொன்னார். கையெழுத்துப் போட்டு வாங்கியதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, காமநாயக்கன்பட்டியில் தனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கும் அந்த நாளில் இதே பேப்பர் வந்துகொண்டிருந்தது, விட்டுப்போனது அங்கே இருந்தாலும் இருக்கும் என்றார்.

"இப்பப் போனா கோவில்பட்டி பஸ்ஸைப் பிடிச்சிரலாம், தம்பி. என் பேரைச் சொல்லுங்க."